வலிப்பு உண்டா என்று கேட்டார்கள்

கெசையா பார்னெட் வாயிலிருந்து பொய் வராது என்பது எங்கள் ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்த சேதி. குவேக்கர்களைக் கண்டாலே முகம் சுளிக்கிறவன்கூடக் குதிரை வாங்கப் போகும்போது அவளிடம் வந்து, "இதுக்குக் கால்ல ஏதாவது கோளாறு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். விற்கிற குதிரை அவளுடையதாகவே இருந்தாலும் கோளாறைச் சொல்லிவிடுவாள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய மட்டும் மாட்டாள். சத்தியம் செய்தால்தான் உண்மை வரும் என்றால் மற்ற நேரமெல்லாம் நான் பேசுவது என்ன என்று திருப்பிக் கேட்பாள். நண்பர்கள் சபை என்பது குவேக்கர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர், அந்தச் சபைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். இவள் ஒரு பிடி கூடுதல். பொய் பேசத் தெரியாதவர்களுக்குத் தங்கள் நேர்மை மேலேயே ஒரு மோகம் வந்துவிடுகிறது. அந்த மோகம்தான் தாமாரைச் சிறையில் கொண்டுபோய்த் தள்ளியது.

கெசையா இருபத்தாறு வயதில் விதவையானவள். புருஷன் விட்டுப்போனது ஆற்றோரமாக ஒரு சோளக்காடு, நாலு மாடு, ஒரு குதிரை, அப்புறம் அடிமைப்பெண் தாமார். மாட்டோடு மாடாக உயிலில் தாமாரின் பெயரும் இருந்தது. அப்போது தாமாருக்குப் பதினேழு வயது இருக்கலாம். யாரும் குறித்து வைக்கவில்லை. பதினைந்து வருஷம் அந்த வீட்டுத் துணியைத் துவைத்து, மாட்டைக் கறந்து, மீன் ஏறும் காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுத்தாள். இடையில் ஒரு பெண்ணும் பிறந்தது. ஜூனோ என்று பெயர்.

சபை கூடும் கூட்டவீட்டில் கெசையா முன் பெஞ்சில் உட்காருவாள். தாமாருக்கு மாடிப்படிக்குக் கீழே சுவரை ஒட்டிய பெஞ்சு. பாட்டு கிடையாது, பிரசங்கியார் கிடையாது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, கடவுள் உள்ளே பேசுவார் என்று காத்திருப்பார்கள். ஒருநாள் அப்படிக் காத்திருந்தபோது கெசையாவுக்கு முதுகில் யாரோ குத்தியது போல ஒரு எண்ணம் வந்தது. எனக்குப் பேசுகிறவர்தானே படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கும் பேசுகிறார்? அவர் வந்து தங்குகிற வீட்டுக்கு நான் எப்படிச் சொந்தக்காரியாக இருக்க முடியும்? சபையும் அந்த வருஷங்களில் வீடு வீடாக இரண்டு பேரை அனுப்பி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் சண்டை போடுவதில்லை. அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். உட்கார்ந்தே கொன்றால் என்ன செய்வது? 1777 முதல் மாதத்தில் கெசையா பத்திரம் எழுதினாள். தாமாரும் ஜூனோவும் விடுதலையானவர்கள். இனி எந்த மனுஷரையும் வாங்கவும் விற்கவும் மாட்டேன் என்று சபைப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தாமார் அன்றிலிருந்து 'கெசையா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நண்பர்கள் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆளுநரே வந்தாலும் 'நீ'தான், 'நீங்கள்' கிடையாது. ஆனாலும் முதல் தடவை அதைக் கேட்டபோது கெசையாவுக்குக் காது சுட்டது. அதையும் ஒளிக்காமல் தாமாரிடமே சொன்னாள். "சுடட்டும், பழகிடும்" என்றாள் தாமார்.

ஐந்தாம் மாதம் வட்டாரக் காவல் அதிகாரி ஷெரீப் வந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு சாவதானமாகக் கேட்டார்.

"எங்கேம்மா, உங்க தாமாரைக் காணோம்?"

"என் தாமார்னு யாரும் இல்லை. அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டேன்."

"அடடே. கோர்ட்டுல அனுமதி வாங்கினீங்களா?"

"திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கோர்ட்டு அனுமதி எதுக்கு? நீயே சொல்லு."

ஷெரீப் சிரித்தார். "நல்லாத்தான் கேக்கறீங்க. இப்போ எங்கே குடியிருக்கா?"

கெசையா சொன்னாள். சொன்னது மட்டுமில்லை, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய பீப்பாய்க்காரன் குடிசை. சபையில் விடுதலை பெற்ற இன்னும் ஐந்து பேரின் இருப்பிடத்தையும் ஷெரீப் விசாரித்தார். அதையும் சொன்னாள். நல்ல காரியத்தை எதற்கு மறைக்க வேண்டும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு. கோர்ட்டு அனுமதி இல்லாமல் விடுதலை செய்தவர்களைப் பிடித்து ஏலம் போடலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது ஊருக்கே தெரியும். அவளும் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் விடுதலையான ஒருத்தியை எவனும் தொடமாட்டான் என்று நினைத்துவிட்டாள். ஷெரீப் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு நேரே ஓடையைக் கடந்து போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஜூனோவின் அலறல் கேட்டது.

மற்ற ஐந்து பேரும் எப்படியோ தகவல் தெரிந்து சதுப்புக்காட்டுக்குள் போய்விட்டார்கள். அகப்பட்டது தாமாரும் ஆறு வயதுப் பெண்ணும்தான்.

மறுநாள் சோள ரொட்டியும் உப்பு மீனும் எடுத்துக்கொண்டு கெசையா சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தாமார் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை.

"நான்தான் சொன்னேன் தாமார். அவன் கேட்டான், சொல்லிட்டேன்."

"தெரியும். நீ கை நீட்டிக் காட்டினதைக் குடிசையிலிருந்தே பாத்தேன்."

"பொய் சொல்ல எனக்கு..."

"உன் நாக்கு சுத்தமா இருக்கணும். அதுக்கு என் கழுத்தைக் கொடுத்துட்டே." தாமார் குரலை உயர்த்தவே இல்லை. "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. வாரம் தவறாம ரெண்டு மணி நேரம் மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கே?"

தாமார் கம்பியருகே வந்தாள்.

"தெற்கேயிருந்து ஒரு வியாபாரி வந்திருக்கான். பல்லைப் பாத்தான், தோளை அமுக்கிப் பாத்தான். குழந்தை சுமைன்னு சொன்னான். முதல் படகுத்துறையிலேயே யாருக்காவது தள்ளி விட்டுடுவானாம். ஏலம் ஒன்பது நாள்ல. கெசையா, நீ என்னை வாங்கு."

"மனுஷியை வாங்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பாவம் தாமார்."

"பாவத்தை நீ வச்சுக்கோ. எனக்கு என் பொண்ணு வேணும்."

கெசையா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாமார் அதைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு வரும்போது ஒரு கட்டி சோப்பாவது கொண்டுவா. குழந்தைக்குத் தலையெல்லாம் பேன்" என்றாள்.

அந்த வாரமே மாதக் கூட்டம். கெசையா எழுந்து நின்றாள். வாங்கச் சம்மதம் கொடுங்கள் என்று நேராகக் கேட்டாள். நண்பர்கள் கையைத் தூக்கி எண்ணி முடிவெடுக்கிறவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஒரே மனது வரும்வரை காத்திருப்பார்கள். ஒருவர் எழுந்து 'எனக்கு ஒப்பவில்லை' என்றால் காரியம் அங்கேயே நின்றுவிடும். எழுந்தவர் எப்பிராயீம் பெல்லட். எளிதில் வையக்கூடிய ஆள் இல்லை அவர். பதினாலு பேரை விடுதலை செய்து, பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டு, தன் கையால் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர்.

"தாமாருக்காக என் நெஞ்சும் எரியுது" என்றார். "ஆனா இந்தக் கதவைச் சாத்த நமக்கு நாற்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கு இரக்கத்துக்காக ஒருத்தியை வாங்குவோம். நாளைக்கு ஒவ்வொருத்தனும் இரக்கம்னு சொல்லிக்கிட்டே வாங்குவான். எங்க அப்பாவும் இரக்கப்பட்டுத்தான் வாங்கினார். முதல்ல வாங்கினவளைக் கப்பல்லேருந்து குத்துயிரும் குலையுயிருமா இறக்கினாங்க. பாவம்னு தூக்கிட்டு வந்தார். சாகிற வரைக்கும் அவகிட்ட வேலை வாங்கினார்."

ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னலில் ஈ மோதும் சத்தம் மட்டும் கேட்டது. கெசையாவுக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தள்ள முடியவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. படிக்குக் கீழே இருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. கடைசியில் சட்டசபைக்கு மனு எழுதுவது என்றும், ஏலத்தன்று எல்லாரும் போய்ப் பேசாமல் சாட்சியாக நிற்பது என்றும் முடிவாயிற்று. மனுவுக்குப் பதில் வர இலையுதிர் காலம் ஆகும். ஏலத்துக்கு நாலு நாள்.

வீட்டுக்கு வந்த கெசையா அடுத்த பண்ணைக்காரனைக் கூப்பிட்டு மாடுகளையும் குதிரையையும் காட்டினாள். அவன் சபைக்காரன் இல்லை. குதிரைக்கு இடது பின்னங்காலில் பழைய வீக்கம் உண்டு என்று அவளே சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டாள். பழக்கம் விடுமா!

ஏலத்தன்று வெயில் கொளுத்தியது. கோர்ட்டு வாசலில் மர மேடை. ஒரு பக்கம் புகையிலைக்காரர்களும் குடிகாரர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும். இன்னொரு பக்கம் சாம்பல் நிற உடுப்பில் முப்பது நண்பர்கள், தொப்பியைக் கழற்றாமல், ஒரு சொல் பேசாமல் நின்றார்கள். முப்பது பேர் பேசாமல் உற்றுப் பார்த்தால் மனுஷனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் பலர் நண்பர்களின் ஆலையில் மாவு அரைக்கிறவர்கள். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். தெற்கத்தி வியாபாரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பல்லைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றான்.

தாமாரை ஏற்றினார்கள். ஜூனோ அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷெரீப் ஐம்பது பவுனில் ஆரம்பித்தார். வியாபாரி விரலை அசைத்தான். கெசையா வரிசையை விட்டு வெளியே வந்து, "ஐம்பத்தஞ்சு" என்றாள். பின்னால் முப்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுபது" என்றான் வியாபாரி.

"எழுபத்தஞ்சு."

"நூறு."

எல்லாவற்றையும் விற்றும் கெசையாவிடம் இருந்தது தொண்ணூறுக்கும் குறைவு. ஷெரீப் முதல் தடவை கேட்டார். இரண்டாம் தடவைக்கு வாயைத் திறந்தார்.

தாமார் மேடையில் தொப்பென்று விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. வாயிலிருந்து நுரை தள்ளியது. ஜூனோ, "அம்மா! அம்மா!" என்று கத்தியது. அது நடிப்பில்லை. குழந்தைக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. கூட்டம் ஓவென்று முன்னால் நெருங்கியது.

"என்னய்யா இது, நோய்பிடிச்ச மாட்டையா விக்கிறே?" என்று வியாபாரி கத்தினான்.

"நடிக்கிறா!" ஷெரீப்புக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், எந்திரி! எல்லாம் நடிப்பு!"

கெசையா மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நுரையின் வாசனை அவளுக்கு வந்தது. மாட்டுக்கொழுப்பும் சாம்பல் காரமும் கலந்து அவள் கையால் காய்ச்சிய சோப்பு.

வியாபாரி சுற்றிப் பார்த்தான். "இவ யார்கிட்ட இருந்தா?"

"இதோ, இந்த அம்மாகிட்டதான். பதினஞ்சு வருஷம்" என்றார் ஷெரீப். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. குவேக்கர் பொம்பளை, உசிரே போனாலும் பொய் சொல்லாது. ஊர்ல யாரை வேணா கேளு. அம்மா, நீங்களே சொல்லுங்க. இவளுக்கு வலிப்பு உண்டா?"

எல்லாரும் அடங்கினார்கள். ஏலத்தில் அவளே ஒரு கட்சி என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. தன் குதிரையின் கோளாறையே சொல்கிறவள்தானே! பின்னால் முப்பது பேரும் நிற்கிறார்கள், எப்பிராயீமும் நிற்கிறார். அவர்களில் பாதிப் பேருக்கு, தாமார் கல் மாதிரி உடம்புக்காரி, ஒருநாள் தலைவலி என்று படுத்தவளில்லை என்பது தெரியும். கேட்டால் அவர்களும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

தாமார் ஒருக்களித்துக் கிடந்தாள். சொருகியிருந்த கண்ணில் ஒன்று மெல்ல இறங்கி கெசையாவைப் பார்த்தது. அதில் கெஞ்சல் இல்லை. நீ எப்படியும் உண்மையைத்தான் சொல்லப் போகிறாய் என்ற வெறுப்புதான் இருந்தது. ஆண்டவரே, நீர் பேசும், நீர் சொல்வதை நான் சொல்லிவிடுகிறேன் என்று கெசையா உள்ளுக்குள் மன்றாடினாள். வாழ்நாள் முழுக்க அந்த மௌனத்தில் பதில் கேட்டுப் பழகியவளுக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

"உண்டு" என்றாள்.

"எப்போலேருந்து?"

"நான் பாத்த நாள்லேருந்து. மாசத்துக்கு ரெண்டு தடவை வரும். போன வருஷம் அடுப்புல விழப் பாத்தா." ஒரு பொய் வெளியே வந்ததும் மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நின்றன. அது அவளுக்கே திகிலாக இருந்தது.

வியாபாரி காறித் துப்பினான். "இந்த அம்மா வாங்குறதுதான் வாங்குது, தர்மத்துக்கு வாங்கட்டும். என் நூறை நான் எடுத்துக்கிட்டேன்." கெசையாவின் எழுபத்தைந்துக்கு மேல் அன்று யாரும் போகவில்லை. பின்னால் நின்ற முப்பது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஓடைக்கரை வரை மூவரும் நடந்தார்கள். அங்கே தாமார் குனிந்து வாயை ஏழெட்டுத் தடவை கொப்பளித்தாள்.

"சோப்புல காரம் ஜாஸ்தி. நாக்கே வெந்துபோச்சு" என்றாள்.

"மறுபடி விடுதலைப் பத்திரம் எழுத முடியாது தாமார். எழுதினா மறுபடி பிடிப்பாங்க. காகிதத்துல நீ என்னுடையவளாத்தான் இருக்கணும்."

"தெரியும்." தாமார் முகத்தைத் துடைத்தாள். "மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு வேற சொல்லித் தொலைச்சுட்டே. இனிமே சந்தையில விழுந்து விழுந்து எந்திரிக்கணும். ஒரு தடவைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஜூனோவைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். கெசையா தள்ளி நின்றாள். கிட்டே போகத் தனக்கு உரிமை உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சபை அவளை நீக்கியது. மனுஷியை விலைக்கு வாங்கினாள் என்று எழுதினார்கள். விசாரிக்க வந்த இரண்டு பெண்களும் வாங்கியதைப் பற்றித்தான் கேட்டார்கள். வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கெசையா பதில் சொல்வாள், சொன்னால் தாங்களும் அதை மறைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதையும் துருவிக் கேட்டே பழகிய எங்கள் ஆட்கள் இருபது வருஷம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே பெரிய தர்மம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நீக்கப்பட்டவர்கள் வழிபாட்டுக்கு வரலாம், மாதக் கூட்டத்தில் உட்காரத்தான் கூடாது. கெசையா வாரம் தவறாமல் வந்தாள். தாமாரும் வந்தாள், சந்தையில் விழுந்து அடிபட்ட முழங்கையோடு. ஜூனோ வளர்ந்ததும் வடக்கே பிலடெல்பியா போகும் குடும்பத்தோடு அவளை அனுப்பிவிட்டார்கள். அங்கே அவளைப் பிடிக்கச் சட்டமில்லை. தாமார் போகவில்லை. 'இந்தப் பொம்பளையைத் தனியா விட்டா ஷெரீப்புகிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்' என்று ஊரெல்லாம் கேலி பேசிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டாள்.

கடைசியாக எப்பிராயீம் பெல்லட் வந்தார். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. கையில் ஒரு காகிதம்.

"கெசையா, நான் போறதுக்குள்ள உன்னை உள்ளே பாக்கணும். ஒரே வரிதான். 'நான் செய்ததற்கு வருந்துகிறேன்.' இதுல கையெழுத்துப் போடு. அடுத்த கூட்டத்துலேயே சேத்துக்குவோம். நான் கேட்டுட்டேன், எல்லாருக்கும் மனசு ஒண்ணாயிருக்கு. உன் பழைய இடத்துல யாரும் உக்காரலை."

கெசையா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். அவளுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, எழுத்துத் தெரிய நேரமாயிற்று. அந்த இடத்தை அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று தாமாருக்குத்தான் தெரியும். மாதக் கூட்டம் நடக்கும் நாட்களில் வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். பேனாவை எடுத்தாள். மையில் தோய்த்தாள். மை சொட்டும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"எப்பிராயீம், எனக்கு வருத்தம் இல்லை. தேடிப் பாத்துட்டேன், இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் பொய்யாகக் கையெழுத்துப் போடு என்று கேட்கக்கூடிய ஆள் இல்லை. அடுப்படியில் இருந்த தாமாருக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டியோடு வந்துவிட்டாள்.

"போட்டுத் தொலையேன் கெசையா! அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நாலு பொய் அடுக்கடுக்காச் சொன்ன வாய்தானே? இன்னொண்ணு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

எப்பிராயீம் தரையைப் பார்த்தபடியே இருந்தார், தனக்குக் காது கேட்காதது போல.

"அது உனக்காகச் சொன்னது" என்றாள் கெசையா. "இது எனக்காகச் சொல்றதா ஆயிடும்."

காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.